கொமலா மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்க: பெயரிலிருந்து தொடங்கும் பாடம்

கேமரூன் நாட்டின் மேற்கு மேட்டுநிலத்தில், பாஃபுசாம் நகரையும் அதன் அண்டை ஊர்களான பாஞ்ஜூன், பாஹாம் போன்றவற்றையும் சுற்றிப் பேசப்படும் மொழி கொமலா. பாமிலேக்கே மொழிகளுள் ஒன்று. 'பாமிலேக்கே' என்று ஒரே மொழி இருப்பதாக நினைத்துக்கொண்டு தேடத் தொடங்குபவர்கள் முதல் நாளே குழம்பிப்போவார்கள். அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அவர்கள் பேசும் மொழிகள் 11 என்பது வழக்கமான கணக்கு. யெம்பா, மெதும்பா, ஃபெஃபெ, ஙியெம்பூன் எல்லாம் அந்தப் பதினொன்றில் வருபவை. ஒன்றைப் படித்தவருக்கு மற்றொன்றின் எழுத்து புரியும், பேச்சு புரியாது. ஆகவே முதலில் எந்த மொழி என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் இங்கே கொமலாவை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது: அதன் பெயரே ஒரு முழுப் பாடம்.

அந்தப் பெயரில் மூன்று அசைகள். பிரித்தால் 'பேச்சு', 'ஊர்' என்று இரண்டு சொற்கள். நடுவே ஓர் உயிரொலி இரண்டையும் கோக்கும் கண்ணியாக நிற்கிறது. ஊர்ப்பேச்சு, அவ்வளவுதான் பொருள். ஆனால் இதற்குள் தமிழ்க் காதுக்குப் பழக்கமில்லாத நான்கு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன: சொல்லின் தொடக்கத்திலேயே உரசி வரும் ஒரு ககரம், ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில் நிற்கும் ஓர் உயிர், பொருளோடு பின்னிய குரல் ஏற்ற இறக்கம், கடைசியில் தொண்டையைச் சட்டென்று மூடும் ஒரு நிறுத்தம். நான் தமிழில் 'கொமலா' என்று எழுதுவதில் இந்த நான்குமே காணாமல் போய்விட்டன. இந்தக் கட்டுரை முடியும்போது அந்தப் பெயரை நீங்கள் சரியாகத் தட்டச்சு செய்துவிட வேண்டும். இலக்கு அது மட்டுமே.

முதற்படி: எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம்

கொமலா இலத்தீன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால் அது ஆங்கிலக்காரரின் இலத்தீனும் அல்ல, பிரெஞ்சுக்காரரின் இலத்தீனும் அல்ல. 1979-இல் கேமரூன் மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எழுத்துத் தொகுதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதைத் தொகுத்தவர்கள் மொழியியலாளர்கள் மொரிஸ் டடாஜு, எட்டியென் சடெம்புவோ இருவரும். டடாஜு பாமிலேக்கே நாட்டுக்காரர். யெம்பா மொழியின் சுரங்களை, அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, ஆராய்ந்தவர்.

அந்தப் பொதுத் தொகுதியின் விதிகளில் புதியவர் மனத்தில் ஆணி அடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எழுத்தின் தலைக்கு மேல் வரும் குறி சுரத்துக்கு மட்டுமே உரியது. உயிரின் நிறம் மாறினால் எழுத்தின் உடலையே மாற்ற வேண்டும். தலையில் கோடு போட்டுச் சமாளிக்கக் கூடாது. பிரெஞ்சில் ஒரே எழுத்தின் மேல் இப்படிச் சாய்ந்த கோடு போட்டால் ஓர் ஒலி, அப்படிச் சாய்ந்த கோடு போட்டால் வேறு ஒலி. பள்ளியில் பிரெஞ்சு படித்து வளர்ந்த கேமரூன்காரர்களுக்கே தங்கள் தாய்மொழி எழுத்தைப் பார்த்ததும் இந்த இடத்தில் தடுக்கும். பிரெஞ்சு தெரியாத தமிழருக்கு அந்தச் சுமை இல்லை.

ஆனால் நமக்கென்று வேறொரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. தமிழை இலத்தீன் எழுத்தில் பெயர்க்கும்போது நெடிலைக் காட்ட உயிரின் தலையில் ஒரு கிடைக்கோடு இடுவோம். நூலகப் பட்டியல்களிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் பார்த்திருப்பீர்கள். கொமலாவில் அதே கிடைக்கோடு வந்தால் அது நடுத்தரச் சுரம், நீளம் அல்ல. அந்தக் கோட்டைக் கண்டதும் குரலை இழுக்கும் பழக்கம் எனக்குப் போக இரண்டு மாதம் ஆயிற்று.

இரண்டாம்படி: ஐந்து புது முகங்கள்

ஆங்கில அகரவரிசையில் இல்லாத ஐந்து எழுத்துகளை அடையாளம் காணப் பழகுங்கள். வடிவத்தைச் சொல்கிறேன், ஒரு தாளில் வரைந்துகொண்டே வாருங்கள்.

ஆங்கிலச் சிறிய 'சி' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்கம் திறந்த ஓர் எழுத்து கிடைக்கும். இதுதான் மொழியின் பெயரில் முதல் அசையில் உள்ள உயிர். தமிழ்நாட்டில் 'டாக்டர்', 'காலேஜ்' என்று எழுதுகிறோம். இலங்கையில் அதே சொற்களை 'டொக்டர்', 'கொலிஜ்' என்று எழுதுகிறார்கள். இரண்டு கரையிலும் கேட்ட ஒலி ஒன்றுதான். அதற்கு நம்மிடம் எழுத்து இல்லாததால் ஒருவர் ஆ பக்கம் சாய்ந்தார், மற்றவர் ஒ பக்கம் சாய்ந்தார். அந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒலியைத்தான் இந்தத் திறந்த எழுத்து குறிக்கிறது. வழக்கமான வட்ட 'ஓ' எழுத்து நம் ஒகரம். இரண்டையும் கலந்துவிட்டால் வேறு சொல் ஆகிவிடும்.

அடுத்து, 3 என்ற எண்ணைக் கண்ணாடியில் பார்த்த வடிவம். இது வாயைச் சற்று அகலத் திறந்த எகரம். 'தலை', 'மழை' என்பவற்றைப் பேச்சில் ஐகாரம் தேய்த்துச் சொல்லும்போது கடைசியில் ஓர் எகரம் கேட்கும் அல்லவா, அதன் பக்கத்து வீடு. சாதாரண ஆங்கில 'ஈ' எழுத்துக்கு நம் எகர ஏகாரங்களின் இறுக்கமான ஒலி.

மூன்றாவது, அதே சிறிய 'ஈ' எழுத்தைத் தலைகீழாகச் சுழற்றி வைத்தது. ஆங்கிலத்தில் 'அபவுட்' என்னும் சொல்லின் முதல் அசை போல, நாக்கு எங்கும் போகாமல் நடுவில் படுத்திருக்கும்போது வரும் மங்கலான உயிர். கொமலாவில் இது அடிக்கடி வரும். வீடு என்பதற்கான சொல்லிலும், நான்கு என்ற எண்ணுப்பெயரிலும் இதுதான் உயிர்.

நான்காவது, சிறிய 'யு' எழுத்தின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. பலரும் பயப்படும் எழுத்து இது. தமிழர் பயப்பட வேண்டியதில்லை, நம்மிடம் குற்றியலுகரம் இருக்கிறது. 'காடு', 'பாட்டு', 'நாக்கு' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் இதழ் குவிவதில்லை. பிறகு 'குடம்' என்று சொல்லிப் பாருங்கள்; அங்கே குவிகிறது. குறுக்குக்கோடு போட்ட எழுத்து 'காடு' பக்கத்து உகரம். நாக்கு நம் குற்றியலுகரத்தைவிட இன்னும் கொஞ்சம் முன்னே, வாயின் நடுப்பகுதிக்கு வர வேண்டும். இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன், ஒன்றுவிட்ட சகோதரர்கள். குற்றியலுகரத்திலிருந்து கிளம்பினால் போய்ச் சேரலாம். ஒரே ஒரு வேறுபாடு: நம்முடையது சொல்லின் கடைசியில் அரை மாத்திரைக்கு வந்து ஓடிவிடும், இது சொல்லின் நடுநாயகமாக, சுரத்தைச் சுமந்துகொண்டு முழுசாக நிற்கும்.

ஐந்தாவது மெய்யெழுத்து. 'என்' எழுத்தின் வலக்கால் கீழே நீண்டு இடப்பக்கம் கொக்கி போட்டிருக்கும். இது சுத்தமான ங். நமக்கு அரிச்சுவடியிலேயே இருக்கும் எழுத்து, ஆனால் 'அங்ஙனம்', 'இங்ஙனம்' தவிர வேறெங்கும் தனியாகப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். கொமலாவில் அது சொல்லின் முதலிலும் வரும், கடையிலும் வரும். கடையில் வரும்போது 'ங்க்' என்று ககரத்தையும் ஒட்டிவிடாதீர்கள். 'அங்ஙனம்' என்பதில் 'அங்ஙன்' வரை சொல்லி, நடுவே உள்ள ஒலியைப் பிடித்து நிறுத்திப் பழகலாம்.

பக்கத்து மொழியான மெதும்பாவில் ஆறாவது புதுமுகம் ஒன்று உண்டு. கையெழுத்தில் நாம் எழுதும் வட்டமான ஆங்கில 'ஏ' அங்கே அச்சு 'ஏ'யிலிருந்து வேறான தனி எழுத்து. மெதும்பா பக்கம் போகிறவர்கள் எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போதே கவனிக்க வேண்டும். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

மூன்றாம்படி: மெய்கள்

பெயரின் முதல் ஒலிக்கு வருவோம். 'ஜி', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது 'கோஸ்ட்' என்பதில் வரும் ககரம் போலத் தெரியும். இந்தி தெரிந்தவர்கள் மூச்சைத் தள்ளி 'கர்' என்று வீட்டைச் சொல்வது போலச் சொல்வார்கள். இரண்டும் தவறு. 'பகல்', 'முகம்' என்று வேகமாகச் சொல்லுங்கள். நடுவில் உள்ள ககரம் முழுதாக அடைபடாமல் உரசிக்கொண்டு போகிறது. அதுதான் இது. நம் சிக்கல் ஒலியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. தமிழில் அது சொல்லின் நடுவில் மட்டும் வரும். கொமலாவில் வாசலிலேயே வந்து நிற்கும். 'முகம்' என்று நாலைந்து முறை சொல்லுங்கள். பிறகு 'மு'வை மனத்துக்குள் மட்டும் சொல்லி 'கம்' என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், உரசல் போகாமல். கிட்டத்தட்ட இதுதான் பத்து என்ற எண்ணுக்கான சொல். உயிரை ஆகாரத்தின் பக்கம் கொஞ்சம் திறந்தால் போதும்.

இங்கே ஒரு சுவையான உறவு இருக்கிறது. 'பகல்' என்னும்போது உரசும் அதே ககரம், 'பங்கு' என்று மூக்கொலிக்குப் பின்னால் வந்தால் முழு அடைப்பாகிவிடுகிறது. பாமிலேக்கே மொழிகள் பலவற்றில் அச்சு அசலாக இதுவே நடக்கிறது. சொல்லின் முன்னால் மூக்கொலி ஒன்று வந்து ஒட்டியதும் உரசும் ககரம் கெட்டியான ககரமாகும். தமிழர் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டு, 'இடம் பார்த்து நீயே மாற்றிக்கொள்' என்று வாசகரிடம் விட்டுவிடுகிறோம். அவர்கள் மாற்றத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அதனால் ஒரே வேர்ச்சொல் ஓரிடத்தில் 'ஜி-எச்' என்றும் இன்னோரிடத்தில் 'ங்' எழுத்தும் வெறும் 'ஜி'யும் சேர்ந்தும் தெரியலாம். அகராதியில் தேடிக் கிடைக்கவில்லையா? மூக்கொலியைக் கழற்றிவிட்டு உரசல் எழுத்தில் தேடிப் பாருங்கள். தமிழ்க் காது உள்ளவருக்கு இது சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை.

இப்போது பள்ளங்கள். 'இசட்', 'எச்' சேர்ந்து வந்தால் தமிழன் கண் உடனே ழகரத்தைப் பார்க்கும். நம் ஊர்ப் பெயர்களை எல்லாம் அப்படி எழுதியே பழகிவிட்டோம். கொமலாவில் அது ழகரம் இல்லை. ஆங்கிலத்தில் 'மெஷர்', 'ப்ளெஷர்' என்ற சொற்களின் நடுவே வரும், குரலோடு கூடிய ஷகரம். நான் முதல் வாரம் முழுக்க நாக்கை மடித்துக்கொண்டு படித்தேன். கேட்டவர் சிரிக்கவில்லை; புரியவே இல்லை என்பதால்.

'சி' என்ற எழுத்து தனியே வந்தால் 'பச்சை' என்பதில் வரும் சகரம். ககரமும் இல்லை, ஸகரமும் இல்லை. 'என்', 'வை' சேர்ந்தால் ஞகரம். இவை நமக்கு எளிது.

'வி', 'டபிள்யு' இரண்டும் தமிழில் ஒரே வகரம். நம் வகரம் மிக மென்மையானது. மேற்பல் கீழுதட்டைத் தொட்டும் தொடாமலும் போகும். கொமலாவில் 'வி' எழுத்துக்குப் பல் நன்றாகப் பதிந்து காற்று உரச வேண்டும். 'டபிள்யு'வுக்கு இரண்டு இதழும் குவிய வேண்டும், பல் கிட்டவே வரக் கூடாது. இதோடு 'பி-எஃப்' என்று ஒரு கூட்டொலியும் உண்டு: பகரத்தில் அடைத்து, அதே மூச்சில் பல்லிடுக்கில் விடுவது. நான்கு என்ற எண்ணுப்பெயர் இதில்தான் தொடங்குகிறது. இரண்டு ஒலிகளாகப் பிரித்து, நடுவே உகரம் போட்டுச் சொல்லாதீர்கள்.

டகரம் போல நாக்கை மேலே மடிக்கும் ஒலி கொமலாவில் கிடையாது. ஆங்கிலச் சொற்களை நாம் கடன் வாங்கும்போது 'டி' எழுத்தை எல்லாம் டகரமாக மாற்றிவிடும் பழக்கம் ஊறியிருப்பதால், இங்கும் கை தானாக அங்கே போகும். நாக்கு நுனியைப் பல்லின் பின்புறம், தகரத்துக்குச் சற்று மேலே வையுங்கள், போதும்.

சொல்லின் முதலில் மூக்கொலியும் வல்லொலியும் சேர்ந்து வருவதும் நமக்குச் சங்கடம். ஆறு என்ற எண்ணுப்பெயர் 'ந்த்' என்று தொடங்குகிறது. பணத்துக்கான சொல் 'ங்க்' என்று தொடங்குகிறது. தமிழ் வாய் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டு 'இந்த்', 'இங்க்' என்று வழி தேடும், 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆன மாதிரி. அந்த இகரத்தை விழுங்கப் பழகுங்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கில் ஒரு முனகல், பிறகு வெடிப்பு. அந்த முனகலுக்கே தனிச் சுரம் இருக்கக்கூடும் என்பது பின்னால் தெரியவரும்.

நான்காம்படி: தொண்டையைப் பூட்டும் எழுத்து

பெயரின் கடைசியில் ஒரு மேற்கோள் குறி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது நிறுத்தக்குறி அல்ல. அது ஓர் எழுத்து, மெய்யெழுத்து. ஊர் என்னும் சொல்லில் அந்த மெய்தான் முடிவு.

ஒலி என்னவென்றால் குரல்வளை மூடுவது. குழந்தை சூடான அடுப்பைத் தொடப் போகும்போது 'ஆ! ஆ!' என்று துண்டு துண்டாக அதட்டுவோம். இரண்டு ஆவுக்கும் இடையே தொண்டை ஒரு கணம் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டுதான் எழுத்து. ஊர் என்ற சொல்லை 'லா...' என்று இழுக்காமல் 'லா' என்று தொடங்கிப் பூட்டிவிடுங்கள். உயிர் தானாகக் குறுகிவிடும்.

கொமலாவில் சொற்கள் பெரும்பாலும் ஓரசை, ஈரசைதான். அதனால் முடிவு மெய் ஒவ்வொன்றும் பொருளைத் தாங்குகிறது. சொல்லின் கடையில் வரும் மெய்களும் சிலவே: பகரம், ககரம், மகரம், ஙகரம், இந்தத் தொண்டைப் பூட்டு, இவையே மிகுதி. தமிழில் 'வாள்', 'பால்' என்ற முடிவுகளுக்கு உகரம் சேர்த்து 'வாளு', 'பாலு' என்பது போல இங்கே செய்தால் ஓரசைச் சொல் ஈரசையாகி, சுரமும் ஒன்று கூடிவிடும்.

ஐந்தாம்படி: சுரம்

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். இந்தப் படிக்கு மாதங்கள் வேண்டும்.

தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் மனநிலையைக் காட்டும், சொல்லை மாற்றாது. 'அப்படியா' என்பதை எத்தனை விதமாகச் சொன்னாலும் சொல் அதேதான். ஆனால் ஓரிடத்தில் மட்டும் நாமும் சுரமொழிக்காரர்கள். யாராவது கூப்பிட்டால் குரலை உயர்த்தி 'ம்?' என்கிறோம், என்ன என்று பொருள். கதை கேட்கும்போது குரலை இறக்கி 'ம்' என்கிறோம், சரி சொல் என்று பொருள். 'ம்ஹும்' என்றால் முடியாது. எழுத்து ஒன்றே, சுரம்தான் வேறு. இந்த 'ம்'மில் செய்வதை ஒவ்வோர் அசையிலும் செய்வதுதான் கொமலா.

குறிகள் இவை. வலப்பக்கம் உயரும் சாய்கோடு மேற்சுரம். கிடைக்கோடு நடுச்சுரம். கூரை போன்ற குறி மேலிருந்து கீழே விழும் சுரம். கவிழ்த்த கூரை, அதாவது கிண்ணம் போன்ற கூர்வடிவம், கீழிருந்து ஏறும் சுரம். குறி எதுவும் இல்லாவிட்டால் கீழ்ச்சுரம். மிகுதியாக வரும் சுரத்தைக் குறியின்றி விட்டால் பக்கம் சுத்தமாக இருக்கும் என்பதுதான் காரணம். மொழியின் பெயரில் முதல் உயிருக்குக் குறி இல்லை. மற்ற இரண்டுக்கும் மேற்சுரக் குறி. கீழ், மேல், மேல். வாயை மூடிக்கொண்டு அதை முனகிப் பாருங்கள். மெய்யும் உயிரும் பிறகு வரட்டும்.

பழகும் முறை பற்றி என் அனுபவம்: புதுச் சொல் எதையும் முதலில் முனகலாகக் கற்றுக்கொள்ளுங்கள். பதிவு செய்த குரலைக் கேட்டு 'ம்–ம்–ம்' என்று சுரத்தை மட்டும் பிடியுங்கள். மூன்று முறை சரியாக வந்தபிறகு எழுத்தை ஏற்றுங்கள். பாட்டுக்கு மெட்டு முதலில், வரி பிறகு என்பது போல. எழுத்தை முதலில் படித்துவிட்டுச் சுரத்தைப் பிறகு ஒட்ட முயன்றவர்கள், தமிழ்ப் பேச்சின் மெட்டிலேயே மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மேல், கீழ் என்பவை நிலையான உயரங்கள் அல்ல. ஒவ்வொருவருக்கும் அவரவர் சுருதி. அதைவிடச் சிக்கல், ஒரே வாக்கியத்துக்குள்ளேயே சுருதி மெல்ல இறங்கிக்கொண்டு போகும். ஒரு கீழ்ச்சுரத்தைத் தாண்டி வரும் மேற்சுரம், முன்னால் வந்த மேற்சுரத்தின் உயரத்தை எட்டாது. நீண்ட வாக்கியத்தின் கடைசியில் உள்ள 'மேல்', தொடக்கத்தில் இருந்த 'கீழ்' அளவுக்கே இருக்கலாம். கேட்பவர் பக்கத்து அசையோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொள்கிறார். கருவியை வைத்து அதிர்வெண் அளந்து 'இது கீழ்ச்சுரம்தானே' என்று சண்டை போடாதீர்கள்.

இன்னொரு விசித்திரம், கண்ணுக்குத் தெரியாத சுரம். கீழ்ச்சுரம் எதுவும் நடுவில் இல்லாமலே மேற்சுரம் ஒரு படி இறங்குவதைக் கேட்பீர்கள். இதில் பெயர்போனது பக்கத்து மொழியான யெம்பா. டடாஜுவும் லாரி ஹைமன் என்ற அமெரிக்க மொழியியலாளரும் 1976-இல் இதற்கு விளக்கம் எழுதினார்கள். பழங்காலத்தில் சொற்களுக்கு இன்னும் அசைகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து விழுந்தன. ஆனால் அவற்றின் சுரம் மட்டும் விழாமல் அந்தரத்தில் தங்கிவிட்டது, அது அண்டை அசையைப் பிடித்து இழுக்கிறது.

இலக்கண வகுப்பில் வேற்றுமைத்தொகை படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. 'மரக்கிளை' என்றால் மரத்தினது கிளை. உருபு மறைந்துவிட்டது, வேலை மட்டும் நடக்கிறது. இந்த மொழிகளில் 'இன்னதன் இன்னது' என்று இரண்டு பெயர்கள் சேரும்போது நடுவே உருபுக்குப் பதில் பல நேரம் ஒரு சுரம் மட்டும் மறைந்து நிற்கும். அதனால்தான் அகராதியில் பார்த்த சொல், இன்னொரு சொல்லோடு சேர்ந்ததும் வேறு சுரத்தில் கேட்கிறது. நீங்கள் தவறாகக் கேட்கவில்லை.

இவ்வளவு நடப்பதை எல்லாம் எழுத்தில் காட்ட வேண்டுமா? இங்கே அறிஞர்களுக்குள்ளேயே இழுபறி உண்டு. ஸ்டீவன் பேர்ட் என்ற மொழியியலாளர் யெம்பா பேசுவோரை வைத்து ஒரு சோதனை செய்து 1999-இல் வெளியிட்டார். எல்லாச் சுரத்தையும் குறித்து எழுதிய பக்கத்தை வாசகர்கள் வேகமாகப் படிக்கவில்லை, தடுக்கித்தான் படித்தார்கள் என்று தெரிந்தது. தாய்மொழிக்காரருக்குச் சூழலே சுரத்தைச் சொல்லிவிடும். மண்டிக் கிடக்கும் குறி கண்ணை மறைக்கும். நமக்கு நிலைமை நேர்மாறு. ஆகவே என் யோசனை: உங்கள் குறிப்பேட்டில் ஒரு சுரத்தையும் விடாமல் குறியுங்கள், ஆனால் அச்சுப் புத்தகத்தில் குறி இல்லாத அசையைக் கண்டதும் கீழ்ச்சுரம் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதலில் அந்தப் புத்தகம் எல்லாச் சுரத்தையும் குறிக்கிறதா என்று முன்னுரையில் பாருங்கள். கடிதங்களிலும் கடைப் பலகைகளிலும் பெரும்பாலும் குறியே இருக்காது.

ஆறாம்படி: வரைபடத்தை நம்பாதீர்கள்

ஊர்ப் பெயர்களை வைத்து எழுத்துப் பழகலாம் என்று தோன்றும். வேண்டாம். அவை வேறு கைகள் எழுதியவை. 1884 முதல் முதல் உலகப்போர் வரை ஜெர்மானியர் ஆண்டார்கள். பிறகு இந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. யெம்பா பேசும் ஜாங் நகரின் பெயர் இன்றும் ஜெர்மன் பாணியில்தான் தொடங்குகிறது: 'டி-எஸ்-சி-எச்' என்று நான்கு எழுத்து வரிசையாக நிற்கும். ஜகரத்துக்கு ஜெர்மன் வழக்கு அது. பாஞ்ஜூனில் ஜகரம் பிரெஞ்சு வழக்கப்படி 'டி-ஜே' என்று இரண்டு எழுத்து. உகரம் 'ஓ-யு' என்று இரண்டு எழுத்து. 1979 முறையில் ஜகரத்துக்கு 'ஜே' ஒன்று போதும், உகரத்துக்கு 'யு' ஒன்று போதும். ஊர்ப் பெயர்களின் தலையில் உள்ள 'பா' இன்ன ஊர் மக்கள் என்பதைக் குறிக்கும் முன்னொட்டு. அரசாங்கத் தாள்களில் அது ஊரின் பெயரோடு ஒட்டிப்போய்விட்டது. ஆட்களின் பெயர்களும் அடையாள அட்டையில் பிரெஞ்சு எழுத்தில்தான் இருக்கும். அதைத் திருத்தி எழுதிக் காட்டி மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளாதீர்கள்.

வட்டார வேறுபாடும் உண்டு. அச்சில் பெரும்பாலும் பார்ப்பது பாஞ்ஜூன் பக்கத்துப் பேச்சு. உங்களுக்குக் கற்றுத்தருபவர் வேறு ஊர்க்காரராக இருந்தால், புத்தகத்தைக் காட்டி வாதாடாமல் அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம்படி: தட்டச்சு

கணினியில் கீமேன் மென்பொருளை நிறுவினால் கேமரூன் மொழிகளுக்கான விசைப்பலகை அமைப்புகள் கிடைக்கும். நாள்தோறும் எழுதப்போகிறவருக்கு அதுவே வழி. எப்போதாவது நாலு சொல் எழுதுகிறவருக்கு ஒருங்குறியின் (யூனிகோடின்) பதின்ம எண்கள் போதும். கண்ணாடிச் 'சி' 596. கண்ணாடி மூன்று 603. தலைகீழ் 'ஈ' 601. குறுக்குக்கோட்டு 'யு' 649. கொக்கி 'என்' 331. வலைப்பக்கம் எழுதுகிறவர்கள் அன்ட் குறி, ஹாஷ் குறி, எண், அரைப்புள்ளி என்ற வரிசையில் இட்டால் எழுத்து வந்துவிடும்.

சுரக்குறிகளைத் தனி எண்ணாக, உயிரெழுத்துக்குப் பின்னால் இட வேண்டும்: மேல் 769, நடு 772, விழும் சுரம் 770, ஏறும் சுரம் 780. திரையில் குறி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் நழுவினாலோ கட்டம் தெரிந்தாலோ எழுத்துருவை மாற்றுங்கள். சாரிஸ், ஆண்டிக்கா, நோட்டோ மூன்றும் இந்தக் குறிகளைச் சரியாகத் தாங்கும்.

ஒரு தொல்லை. மேற்சுரம் ஏறிய 'ஏ' எழுத்துக்கு 225 என்று ஒரே எண்ணும் உண்டு. 'ஏ'யையும் 769-ஐயும் அடுத்தடுத்து இட்டாலும் அதே தோற்றம்தான். தமிழில் 'கொ' எழுத ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டாலும், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக இட்டாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடும்போது சில மென்பொருள் கோட்டை விடும். அதே கதை. ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே இருங்கள்.

தொண்டைப் பூட்டுக்குச் சாதாரண மேற்கோள் குறியைத் தட்டாதீர்கள். வேர்டு அதை வளைத்து மேற்கோளாக மாற்றும், தேடுபொறி அதை நிறுத்தக்குறி என்று வெட்டிவிடும். ஊர் என்னும் சொல் கடைசி மெய்யை இழந்துவிடும். எழுத்து என்ற தகுதியோடு ஒருங்குறியில் இருக்கும் குறியின் எண் 700.

இப்போது பெயரை எழுதுங்கள். சிறிய 'ஜி', சிறிய 'எச்', 596, 'எம்', 225, 'எல்', 225, 700. எழுதியதை ஒருமுறை முனகிப் பாருங்கள்: கீழ், மேல், மேல், பூட்டு.